ஃபார்மட் அடிக்காமல் பார்ட்டிஷனை மாற்றுவது: கேள்வி பதில்

பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் "பேக்கப் எடுங்கள்" என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் போட்டுவைத்த நகல் பேக்கப் ஆகாது. நகல் வெளியே வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பார்த்திருக்கவும் வேண்டும்.

கேள்வி: கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை சி 100, டி 365 என்று பிரித்துக் கொடுத்தார்கள். சி ட்ரைவில் 3 ஜிபிதான் மிச்சம், டி ட்ரைவில் 200 ஜிபி சும்மா கிடக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி ட்ரைவை 80 ஜிபி சுருக்கினேன். காலி இடம் வந்துவிட்டது, ஆனால் சி ட்ரைவில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது. ஏன் சார்?

இடம் வந்தது சரி, வந்த பக்கம்தான் சரியில்லை. 'ஷ்ரிங்க்' எப்போதும் பார்ட்டிஷனின் வலது ஓரத்திலிருந்துதான் இடத்தை விடுவிக்கும். இப்போது உங்கள் டிஸ்க்கில் வரிசை இப்படி இருக்கிறது: சி, டி, காலி. சி ட்ரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வயல் காலியாக இருந்தால்தான் வரப்பைத் தள்ளிப் போட முடியும், ஒரு வயல் தாண்டி இருப்பதைச் சேர்க்க முடியாது. விண்டோஸின் சொந்தக் கருவியும் அப்படித்தான். தன் வலது ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை மட்டுமே சேர்க்கும்.

வழி இரண்டு. எனக்குப் பிடித்தது முதல் வழி. டி ட்ரைவில் இருக்கும் 165 ஜிபியை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். டி பார்ட்டிஷனை அழியுங்கள். சி ட்ரைவை வேண்டிய அளவு நீட்டுங்கள். மிச்சத்தில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கி அதற்கும் டி என்றே எழுத்து கொடுத்து, ஃபைல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எழுத்தை மாற்றிவிட்டால் கணக்கு எழுதும் டாலி மாதிரி டேட்டா பாதையை நினைவில் வைத்திருக்கும் மென்பொருள்கள் கம்பெனியைக் காணோம் என்று சொல்லும், வீணாகப் பயந்துபோவீர்கள்.

இரண்டாவது வழி, ஜிபார்ட்டெட் போன்ற, பென்ட்ரைவிலிருந்து பூட் ஆகும் கருவியால் டி ட்ரைவையே வலப்பக்கம் நகர்த்துவது. மென்பொருள்களை டி ட்ரைவில் நிறுவியிருந்தால் இது வசதி. ஆனால் 'நகர்த்துவது' என்றால் உள்ளே இருப்பதைப் படித்துத் தள்ளியிருக்கும் வேறோர் இடத்தில் திரும்ப எழுதுவது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தவும் முடியாது. வலது ஓரத்தை மட்டும் மாற்றுவது சின்ன வேலை, இடது ஓரத்தை மாற்றுவது பெரிய வேலை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

கேள்வி (அதே நண்பர்): நீங்கள் சொன்னபடி டி ட்ரைவைக் காப்பி செய்துவிட்டு அழித்தேன். இப்போது சி ட்ரைவை ஒட்டியே காலி இடம் இருக்கிறது. அப்படியும் எக்ஸ்டெண்ட் வரவில்லை. காலி இடம் கறுப்புப் பட்டையாக இல்லாமல் பச்சையாகத் தெரிகிறது.

பச்சை என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. உங்கள் டிஸ்க் எம்பிஆர் (பார்ட்டிஷன் பட்டியலை எழுதிவைக்கும் பழைய முறை) வகையில் பிரிக்கப்பட்டது. டி ட்ரைவ் தனியாக இல்லாமல், 'எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்' என்ற கூடைக்குள் 'லாஜிக்கல்' ட்ரைவாக இருந்திருக்கிறது. நீங்கள் உள்ளே இருந்ததை அழித்தீர்கள், கூடை அப்படியே இருக்கிறது. அந்தப் பச்சைப் பகுதியில் ரைட் கிளிக் செய்து மறுபடி 'டெலீட் பார்ட்டிஷன்' கொடுங்கள். பட்டை கறுப்பாகி 'அன்அலோகேட்டட்' என்று மாறும். அப்புறம் சி நீளும். உள்ளே இ, எஃப் என்று வேறு ட்ரைவ்கள் இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள், கூடையோடு அவையும் போய்விடும்.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி. முழுவதும் சி ட்ரைவ் மட்டுமே, 300 ஜிபி காலி. 150 ஜிபி பிரித்து எடுக்கலாம் என்று ஷ்ரிங்க் கொடுத்தால் 11 ஜிபிதான் முடியும் என்கிறது. மிச்ச இடம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. பார்ட்டிஷனின் கடைசிப் பகுதியில் விண்டோஸால் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே சுருக்க முடியாது. வழக்கமான ஆட்கள் மூன்று பேர்: ஹைபர்னேஷன் ஃபைல் (அணைக்கும்போது ரேமில் இருப்பதைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது உதவுவது), சிஸ்டம் ரீஸ்டோர் நகல்கள்.

ஊகிக்கத் தேவையில்லை, விண்டோஸே பெயர் சொல்லும். ஒருமுறை ஷ்ரிங்க் முயன்ற பிறகு ஈவன்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பதிவுகளைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடுங்கள். நகர்த்த முடியாத கடைசி ஃபைல் எது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, ஹைபர்னேஷனை அணையுங்கள், அல்லது பேஜ் ஃபைலை 'இல்லை' என்று வையுங்கள், அல்லது சி ட்ரைவுக்கு சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ஷ்ரிங்க் பாருங்கள். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலைக் கட்டாயம் பழையபடி வையுங்கள். சிஸ்டம் புரொடெக்ஷனை நிறுத்தினால் பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள் திரும்பி வராது, அது தெரிந்தே செய்யுங்கள்.

பெட்டியில் அளவு எம்பியில் கேட்கும். 150 ஜிபி என்றால் 150000 அல்ல, 153600 என்று அடியுங்கள். இதைச் செய்தும் நகரவில்லை என்றால், பென்ட்ரைவிலிருந்து பூட் ஆகும் கருவிதான் வழி. விண்டோஸ் ஓடாதபோது அந்த ஃபைல்கள் சாதாரண ஃபைல்கள்தான்.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரே சி ட்ரைவ். இரண்டாகப் பிரித்தால் வேகம் கூடுமா?

கூடாது தம்பி. சுழலும் டிஸ்க் காலத்துப் பழக்கம் அது. எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்பது வேகத்தை மாற்றாது. 256-ஐ இரண்டாக்கினால் இரண்டிலும் இடம் பத்தாமல் போவதுதான் நடக்கும். ஃபோல்டர் போட்டு அடுக்கிக்கொள்.

கேள்வி: 256 ஜிபியிலிருந்து 1 டிபி எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தேன் (அப்படியே நகலெடுத்தேன்). விண்டோஸ் நன்றாக பூட் ஆகிறது. ஆனால் சி 237 ஜிபி, பக்கத்தில் 600 எம்பி ரெகவரி பார்ட்டிஷன், அதற்குப் பிறகு 693 ஜிபி காலி. ரெகவரியை அழிக்கவும் மெனு வரவில்லை. என்ன செய்வது?

க்ளோன் செய்யும் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. விண்டோஸ் 10-இன் 2020 மே பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பூட் ஆகாதபோது சரிசெய்ய உதவுவது) சி ட்ரைவுக்குப் பின்னால்தான் போகிறது. பிற்பாடு அதைப் பெரிதாக்க வேண்டி வந்தால் சி ட்ரைவின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. கணக்கு சரிதான், க்ளோன் செய்பவர்களுக்குத்தான் குறுக்கே நிற்கிறது.

சுலபமான வழி: ஜிபார்ட்டெட் லைவ் பென்ட்ரைவில் பூட் செய்து, அந்த 600 எம்பியை வலக்கோடிக்கு நகர்த்திவிட்டு சி ட்ரைவை நீட்டுவது. நகர்த்துவது சின்னப் பார்ட்டிஷன் என்பதால் நொடிகளில் முடியும். இதற்கு பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இல்லாமல் இருக்க வேண்டும், விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' அணைத்து முழுமையாக ஷட்டவுன் செய்திருக்க வேண்டும். திரும்ப விண்டோஸுக்குள் போனதும் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து 'ரீஏஜென்ட்சி' கட்டளையின் இன்ஃபோ விருப்பத்தால் ரெகவரி இயங்குநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே கட்டளையின் எனேபிள்.

விண்டோஸை விட்டு வெளியே போகாமலும் செய்யலாம். முதலில் ரீஏஜென்ட்சியின் டிஸேபிள். இது ரெகவரி ஃபைலைப் பத்திரமாக சி ட்ரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கொண்டுவந்துவிடும், அதனால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். அடுத்து டிஸ்க்பார்ட்டில் (கட்டளை அடித்துப் பார்ட்டிஷனை மாற்றும் விண்டோஸ் கருவி) ரெகவரி பார்ட்டிஷனைத் தேர்ந்து, 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு'. டிஸ்க்பார்ட் "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது, சொன்ன கணத்தில் அழித்துவிடும். எண்ணையும் அளவையும் இருமுறை பாருங்கள். அப்புறம் சி ட்ரைவை நீட்டும்போது கடைசியில் 1024 எம்பி விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் புதிய ரெகவரி பார்ட்டிஷன் உருவாக்க ஜிபிடி (எம்பிஆருக்குப் பிறகு வந்த புதிய முறை) வகைக் குறியீடு ஒன்று கொடுக்க வேண்டும். அது 32 இலக்கம், மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள். கடைசியாக எனேபிள்.

லேப்டாப்பில் 10, 15 ஜிபி அளவில் தயாரிப்பாளரின் பெயரோடு இன்னொரு ரெகவரி பார்ட்டிஷன் இருந்தால் அது வேறு. வாங்கிய நாள் நிலைக்குத் திரும்பும் நகல் அது. அழித்தால் அந்த வசதி போய்விடும்.

கேள்வி: 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 அப்டேட் என் விண்டோஸ் 10-இல் 80070643 என்று முடியும் பிழையோடு திரும்பத் திரும்பத் தோற்றது. அதற்கும் பார்ட்டிஷனுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. அது ரெகவரி சூழலுக்கான பாதுகாப்புத் திருத்தம். பலருடைய ரெகவரி பார்ட்டிஷனில் அதற்கு இடம் போதவில்லை. ஆனால் "இடம் இல்லை" என்று சொல்லாமல் சம்பந்தமே இல்லாத ஒரு பிழை எண்ணைக் காட்டியது. சாதாரண ஆட்களிடம் போய் சி ட்ரைவில் 250 எம்பி வெட்டி ரெகவரி பார்ட்டிஷனைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. செய்முறை மேலே சொன்னதேதான்: டிஸேபிள், சி ட்ரைவை 250 எம்பி சுருக்கு, ரெகவரியை அழி, பெரிதாக உருவாக்கு, எனேபிள்.

கேள்வி: புது லேப்டாப், விண்டோஸ் 11. சி ட்ரைவில் பூட்டுப் படம் தெரிகிறது. நான் எந்த பிட்லாக்கரையும் போடவில்லை. பார்ட்டிஷன் பிரிக்கலாமா?

நீங்கள் போடவில்லை, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் உள்நுழைந்தபோது அதுவாகப் போட்டுக்கொண்டது. பல புது லேப்டாப்புகளில் இப்படித்தான் வருகிறது.

விண்டோஸுக்குள் இருந்தபடி டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சுருக்கலாம், நீட்டலாம், பிரச்சனை இல்லை. வெளியிலிருந்து பூட் ஆகும் கருவிகளுக்கு அது பூட்டிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அந்த வழியில் போக வேண்டுமென்றால் முதலில் பிட்லாக்கரை முழுதாக நீக்கி, டிகிரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருக்க வேண்டும். 'சஸ்பெண்ட்' போதாது, அதில் டேட்டா பூட்டிய நிலையிலேயே இருக்கும். எதைத் தொடும் முன்பும் 48 இலக்க ரெகவரி எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி. அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துப் புண்ணியமில்லை.

கேள்வி: விண்டோஸும் உபுண்டு லினக்ஸும் ஒரே எஸ்எஸ்டியில். உபுண்டுவுக்குக் கொடுத்த 60 ஜிபியை டாக்கரே (அப்ளிகேஷன்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) தின்றுவிட்டது. விண்டோஸிலிருந்து 100 ஜிபி சுருக்கி எடுத்தேன். அதை உபுண்டுவோடு எப்படிச் சேர்ப்பது?

விண்டோஸை விண்டோஸ் கருவியால் சுருக்கியது நல்ல பழக்கம். ஆனால் அந்த 100 ஜிபி, உபுண்டு பார்ட்டிஷனின் இடப்பக்கம் இருக்கிறது. சேர்க்க வேண்டுமென்றால் இடது ஓரத்தை மாற்ற வேண்டும், அதாவது 60 ஜிபியையும் நகர்த்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரூட் (உபுண்டு நிறுவியிருக்கும்) பார்ட்டிஷனில் இது முடியாது, லைவ் பென்ட்ரைவிலிருந்துதான்.

நானாக இருந்தால் நகர்த்தவே மாட்டேன். அந்த 100 ஜிபியில் புதிதாக ஒரு இஎக்ஸ்டி4 (லினக்ஸ் வகை) பார்ட்டிஷன் போட்டு, டாக்கரை நிறுத்திவிட்டு அதன் டேட்டா ஃபோல்டரை அங்கே ஆர்சிங்க் கட்டளையால் காப்பி செய்து, சரிபார்த்தபின் பழைய ஃபோல்டரைக் காலி செய்து, எஃப்எஸ்டேபில் (எந்தப் பார்ட்டிஷன் எந்த ஃபோல்டரில் என்ற பட்டியல்) ஒரு வரி சேர்த்து அந்த ஃபோல்டரின் இடத்திலேயே மவுன்ட் செய்துவிடுவேன் (இணைத்துவிடுவேன்). டாக்கர் பிடித்திருந்த இடம் ரூட்டில் காலியாகும், நகர்த்தும் ஆபத்தும் இல்லை. வரி எழுதும்போது பார்ட்டிஷனின் பெயரை எழுதாமல் அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள்.

நகர்த்தியே தீருவேன் என்றால், யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் கம்ப்யூட்டரில் க்ரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், நகர்த்துவதால் யூயூஐடி மாறுவதில்லை. பழைய எம்பிஆர் பூட் என்றால் க்ரப்பை மறுபடி நிறுவத் தயாராக இருங்கள். வழியில் ஸ்வாப் (ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும்) பார்ட்டிஷன் இருந்து அதை அழித்துப் புதிதாகப் போட்டால் அதன் யூயூஐடி மட்டும் மாறும். எஃப்எஸ்டேபைத் திருத்த மறந்தால் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத ஸ்வாப்புக்காக 90 நொடி காத்து நிற்கும்.

கேள்வி: லினக்ஸ் வேண்டாம் என்று விண்டோஸிலிருந்தே அதன் பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். இப்போது க்ரப் என்று கறுப்புத் திரை வருகிறது. விண்டோஸ் போய்விட்டதா?

போகவில்லை. க்ரப்பின் ஒரு பகுதி மட்டும் மிச்சம் இருந்து, தன் ஃபைல்களைத் தேடித் தவிக்கிறது. பயாஸ் செட்டிங்கில் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலில் வையுங்கள், வந்துவிடும். பழைய எம்பிஆர் கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் நிறுவும் பென்ட்ரைவில் பூட் செய்து ரிப்பேருக்குப் போய், பூட்ரெக் கட்டளையால் எம்பிஆரைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: பார்ட்டிஷன் நகர்ந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் என்ன ஆகும்? வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது.

விண்டோஸ் ஷ்ரிங்க் நடுவில் நின்றால் பெரும்பாலும் சேதம் இல்லை. ஃபைல்களை ஒவ்வொன்றாக முறைப்படி நகர்த்திவிட்டுக் கடைசியில்தான் எல்லையை மாற்றும். ஆனால் முழுப் பார்ட்டிஷனையும் நகர்த்தும் வேலை நடுவில் நின்றால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் கிடக்கும். பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது முழுசாகாது.

சாதாரண யுபிஎஸ் ஃபைலைச் சேமித்துவிட்டு ஷட்டவுன் செய்யும் அளவுக்குத் தாங்கும். நீங்கள் செய்யப்போவதோ மூன்று நான்கு மணி நேர வேலை. இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி முழுக்க இருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும், மூடியை மூடினால் தூங்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏற்கெனவே நின்றுவிட்டது என்றால் முதல் வேலை, எதையும் எழுதாமல் இருப்பது. விண்டோஸின் பிழை திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டவே கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்துவிட்டு, அந்த நகலில் முயலுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி பற்றிப் பலர் சொல்வார்கள். பார்ட்டிஷன் பட்டியல் மட்டும் அழிந்திருந்தால் அது அருமையான கருவி. பாதி நகர்ந்த டேட்டாவை அதனால் ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: 4 டிபி டிஸ்க்கில் 2048 ஜிபிதான் பயன்படுத்த முடிகிறது. பக்கத்தில் 1678 ஜிபி காலி, ஆனால் எந்த மெனுவும் வேலை செய்யவில்லை.

டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது. அதில் செக்டார் (டிஸ்க்கின் சின்னக் கட்டம்) எண்ணை எழுத 32 பிட்தான் இடம். ஒரு செக்டார் 512 பைட் என்றால் 2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. ஜிபிடிக்கு மாற வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் என்றால் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி ஃபைல்களை அழிக்காமல் மாற்றித் தரும். அதற்கு பிரைமரி (எக்ஸ்டெண்டட் கூடைக்குள் இல்லாத) பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, லாஜிக்கல் ட்ரைவ் இருக்கக்கூடாது. மாற்றிய பிறகு பயாஸில் யூஇஎஃப்ஐ பூட்டுக்கு மாற்ற வேண்டும், மதர்போர்டு அதற்கு இடம் தர வேண்டும். வெறும் டேட்டா டிஸ்க் என்றால் அந்தக் கருவி வராது. காப்பி எடுத்து, அழித்து, ஜிபிடியாக மாற்றிவிட்டுத் திரும்பக் கொட்டுங்கள்.

கேள்வி: நான்கு பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாவது போடப் போனால் 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா' என்று கேட்கிறது. யெஸ் கொடுக்கலாமா?

வேண்டாம். எம்பிஆரில் பிரைமரி நான்குதான் முடியும் என்பதால் அது குறுக்கு வழி காட்டுகிறது. டைனமிக் ஆக்கிவிட்டால், விண்டோஸின் சொந்தக் கருவியில் பழையபடி பேசிக் (சாதாரண டிஸ்க்) ஆக்க எல்லா வால்யூமையும் அழிக்கச் சொல்லும். மைக்ரோசாஃப்டே கைவிட்டு வரும் முறை அது. நான்கில் ஒன்றைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் சென்ட்ஓஎஸ் 7 சர்வர். ரூட் 50 ஜிபி, ஹோம் 400 ஜிபி. ரூட் நிறைந்துவிட்டது. எல்விஎம் என்பதால் ஹோமைச் சுருக்கி ரூட்டுக்குக் கொடுக்கலாம்தானே?

எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பங்கிடும் லினக்ஸ் வசதி) சம்மதிக்கும், எக்ஸ்எஃப்எஸ் சம்மதிக்காது. சென்ட்ஓஎஸ் 7-இன் இயல்பான ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. தெரியாமல் வால்யூமைச் சுருக்கும் எல்விரெட்யூஸ் கட்டளையை அடித்தீர்களானால் ஹோமில் இருப்பது போய்விடும். ஹோமை வேறிடத்தில் பேக்கப் எடுத்து, அன்மவுன்ட் செய்து, அந்த லாஜிக்கல் வால்யூமை நீக்கிவிட்டுச் சின்னதாக மறுபடி உருவாக்குங்கள். விடுபட்ட இடத்தை எல்விஎக்ஸ்டெண்ட் மூலம் ரூட்டுக்குக் கொடுத்து எக்ஸ்எஃப்எஸ்-க்ரோஎஃப்எஸ் ஓட்டுங்கள். ரூட்டை நீட்ட ரீபூட்கூட வேண்டாம். எல்விஎம்மில் இடப்பக்கம் வலப்பக்கம் என்ற தொல்லை கிடையாது, அதனால் இதில் பேக்கப் எடுக்கும் நேரம்தான் பெரிய நேரம்.

கேள்வி: மேக்புக்கில் வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பார்ட்டிஷன் வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது?

எதுவும் ஒதுக்காதீர்கள். மேக்கின் ஃபைல் சிஸ்டமான ஏபிஎஃப்எஸ்ஸில் ஒரே கன்டெய்னருக்குள் இருக்கும் வால்யூம்கள் காலி இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். டிஸ்க் யுட்டிலிட்டியில் பார்ட்டிஷன் பட்டனை விட்டுவிட்டு, வால்யூம் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி இன்னொரு வால்யூம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அதை மட்டும் நீக்கிவிடலாம், இடம் தானாகத் திரும்பிவிடும்.